மிஸிஸ் மக்கினன் வீட்டின் முதற்கால்

“அப்பா, உங்கட தலைமயிர் நரைச்சுப் போனால் மிஸிஸ் மக்கினன் வீட்டுக்கு ஆர் முதல்ல போறது?”

அனோஜினி இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. யோசெப் சிரித்தார். “மன்னார் ஆக்களுக்கு அவ்வளவு கெதியா நரைக்காது மகள்” என்றார். அன்றைக்கு அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியாகத்தான் இருந்தது.

புலம்பெயர்ந்து வந்த குளிர்நகரத்தில், வில்லரே என்ற பகுதியில், ஒரு கட்டடத்தின் மேல் வீட்டில் யோசெப்பின் குடும்பம் இருந்தது. கீழ் வீட்டில் மிஸிஸ் மக்கினன் தனியாக இருந்தார். அவர் ஸ்கொட்லாந்துக்காரி. அவருடைய கூடத்துச் சுவரில் சங்கிலியால் பிணைத்த ஒற்றைக்கொம்புக் குதிரையின் படம் ஒன்று தொங்கியது. அதுதான் தங்கள் நாட்டின் விலங்கு என்று பெருமையாகச் சொல்வார். கதிரையில் கட்டம் போட்ட கம்பளி. அது கணவரின் குலத்துக்குரிய கட்டம், வேறு குலத்தார் போடுவதில்லை என்பார்.

அவர் விடாமல் பிடித்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. புது வருடம் பிறந்தபின் வீட்டு வாசலை முதலில் மிதிக்கிறவர் கறுத்த முடியுள்ள, உயரமான ஆணாக இருக்கவேண்டும். ஒரு துண்டுக் கரியும் பாணும் உப்பும் கொண்டுவர வேண்டும். அப்படி ஒருவர் வந்தால் அந்த வருடம் வீட்டில் சூடும் சாப்பாடும் குறையாது. அவருடைய ஊரில் நள்ளிரவு மணி அடித்ததுமே வருவார்களாம். அவரால் கண்விழிக்க முடியாததால் விடியற்காலையே போதும் என்று வைத்திருந்தார்.

யோசெப் குடும்பம் குடிவந்த முதல் மார்கழியில் அவர் மேலே ஏறிவந்து, யோசெப்பின் தலையை அண்ணாந்து பார்த்து, “கடவுள் உன்னை எனக்காகவே அனுப்பியிருக்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். யோசெப்புக்கு விளங்கியது. காலை வியாபாரத்துக்குக் கைராசிக்காரரைத் தேடுகிற கடைக்காரர்களை அவர் பார்த்து வளர்ந்தவர். மூலைக் கடையில் இறைச்சி சுடும் கரி ஒரு பை வாங்கினார். அன்று தொடங்கியது.

சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் யோசெப் பெட்டி அடுக்கினார். அங்கே அவருடைய பெயரை யாரும் சரியாகச் சொன்னதில்லை. எங்கே போனாலும் காத்திருக்கச் சொல்வார்கள். வருடத்தில் ஒரு காலையில் மட்டும் ஒரு கதவு அவருக்காகவே காத்திருந்தது. அவர் போகும்வரை அந்த வீட்டுக்குள் வேறு யாரும் நுழையக்கூடாது. மிஸிஸ் மக்கினன் உள்ளே இருந்து, “யோசெப், நீதானே?” என்று கேட்கும் குரலை அவர் வருடம் முழுவதும் மனதில் வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மிஸிஸ் மக்கினனுக்கு நல்ல ஆண்டாக இருக்கவில்லை. படியில் விழுந்து கை முறிந்தது. ஊரிலிருந்த தங்கை இறந்துபோனார். மார்கழி நடுவில் அவர் யோசெப்பைக் கூப்பிட்டு இருத்தினார்.

“நீ கோபிக்கக்கூடாது, யோசெப். போன முறை நீ வந்தபோதே உன் தலை பாதி வெள்ளை. நான் கவனித்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். எதிர்வீட்டில் உன் நண்பன் இருக்கிறானே, அந்த உயரமானவன்… இந்த முறை அவனைக் கேட்டிருக்கிறேன்.”

“அதுக்கென்ன” என்றார் யோசெப். தேநீரைக் குடிக்காமலே மேலே போனார்.

எதிர்வீட்டுப் பேரின்பநாதன் யாழ்ப்பாணத்தவர். அந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். தலை காகத்தின் சிறகுபோல மினுங்கும். அந்தத் தலையைப் பற்றி அவர் பேசாத இடமில்லை. இரண்டு நாள் கழித்து அவர் படியில் யோசெப்பை மறித்தார்.

“அண்ணை, உங்கட கீழ்வீட்டு அம்மா என்னை வருசப்பிறப்புக்கு வரச்சொல்லுறா. என்ன சங்கதி?”

“சும்மா ஒரு நம்பிக்கை. கறுத்த தலை வேணுமாம்.”

“அப்ப சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கிறா!” பேரின்பநாதன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். “எங்கட பரம்பரையில நரையே இல்லை அண்ணை. அப்பு எண்பது வயசிலயும் கறுப்பு.”

“ஓம், ஓம். முந்தியும் சொன்னனீர்” என்று யோசெப் கதவைச் சாத்தினார்.

பொறாமைக்கு வேலை நேரம், ஓய்வு நேரம் என்று இல்லை. அதன்பின் யோசெப் ஜன்னலோரத்திலேயே நின்றார். பேரின்பநாதன் காரில் பனி தட்டுவதும், சிரிப்பதும், மனைவி கௌரிக்குக் கதவு திறந்துவிடுவதும் அவருக்குக் குற்றமாகப் பட்டன. பேரின்பநாதன் சும்மா வீதியில் நடந்துபோவார். அதைப் பார்த்தாலும் யோசெப்புக்கு நெஞ்சு எரிந்தது.

“ஒரு கிழவியின்ர வாசலுக்கு இரண்டு ஆம்பிளையள் போட்டி” என்றாள் மனைவி மாக்கிரட். “சாப்பிடுங்கோ. கறி ஆறுது.”

“எனக்குப் பசியில்லை.”

“உங்களுக்குப் பசியில்லாத கதையை நான் கௌரிக்கும் சொல்லிப்போட்டன். விழுந்து விழுந்து சிரிச்சவ.”

“அவளுக்கு ஏன் சொன்னனீ?”

“வேற ஆருக்குச் சொல்ல? சுவாமிக்கோ?”

முப்பத்தோராம் திகதி மத்தியானம் யோசெப் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது தலை கறுப்பாக இருந்தது. நெற்றியும் இரண்டு காதுமடல்களும் கறுப்பாக இருந்தன. அனோஜினி வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். மாக்கிரட் எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டு வந்தாள். எவ்வளவு தேய்த்தும் காது வெளுக்கவில்லை.

அன்று மாலை நன்றிப் பூசைக்குக் காது மூடிய கம்பளித் தொப்பியோடு போனார். ஆண்டு முழுவதும் பெற்ற நன்மைகளை நினைத்து நன்றி சொல்லுங்கள் என்றார் குருவானவர். யோசெப் முழந்தாளிட்டார். ‘நாளைக்குப் பேரின்பநாதன் பிந்தி எழும்ப வேணும்’ என்ற ஒன்றுதான் மனதில் வந்தது. செபத்தில் அப்படி ஒன்றைக் கேட்டோமே என்று கூசினார். ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

விடியற்காலையில் பனி கொட்டி முடிந்திருந்தது. கரி, பாண், உப்பு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு யோசெப் இரும்புப் படியில் மெல்ல இறங்கினார். எதிர்வீட்டில் வெளிச்சம் இல்லை. தன் வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்தபோது மகிழ்ச்சி வரவில்லை. திருட வந்தவர்போல வாசலில் நின்று தட்டினார்.

“யோசெப், நீதானே?”

அவர் திடுக்கிட்டார். கதவு திறந்தது. வழக்கப்படி பேசாமல் உள்ளே போய்க் கரியை மின்னடுப்பின்மேல் வைத்து, பாணையும் உப்பையும் மேசையில் வைத்து, பிறகு தொப்பியைக் கழற்றினார்.

மிஸிஸ் மக்கினன் அவருடைய தலையைப் பார்த்தார். காதுகளைப் பார்த்தார். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“கூப்பிடாவிட்டாலும் நீ வருவாய் என்று, நான் நரைத்த மனிதன் ஒருவனுக்காக அல்லவா விடியமுன்னர் எழும்பி இருக்கிறேன்!”

யோசெப்புக்கு விளங்கவில்லை.

“உன் நண்பன் நேற்று மத்தியானம் வந்தான். தன்னால் இது முடியாது என்றான். குனிந்து, முடியை விலக்கி வேரைக் காட்டினான். அடியெல்லாம் வெள்ளை. இருபது வருடமாகப் பூசுகிறானாம். பெண்சாதிக்கும் தனக்கும் மட்டும்தான் தெரியுமாம். ‘பொய்க் கறுப்போடு உங்கள் வாசலை மிதிக்கமாட்டேன். யோசெப் அண்ணையின் நரை கடவுள் கொடுத்தது. அவருடைய காலும் இந்த வாசலுக்குப் பழகியது’ என்றான்.”

யோசெப் கதிரையில் இருந்தார். கட்டம் போட்ட கம்பளி நழுவி விழுந்ததைக்கூட அவர் எடுக்கவில்லை.

“எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது” என்றார் மிஸிஸ் மக்கினன். “கை முறிந்ததற்கு உன் தலையைக் குற்றம் சொன்னேன். அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் யார் என்பதை மறந்துவிட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று கேட்டான். வயதாகிவிட்டது, என் வாய் நிற்காது. நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.”

வழமையான சிறு கிண்ணத்தில் விஸ்கி ஊற்றினார். வெண்ணெய் பிஸ்கட் கொடுத்தார். யோசெப் குடித்தார். தன் நரையை இருபது வருடம் மூடிவைத்த மனிதர், இன்னொருவருக்கு ஒரு வாசல் கிடைக்கட்டும் என்று ஓர் அந்நியப் பெண்ணின் முன் தலை குனிந்திருக்கிறார். அதே மத்தியானத்தில்தான் யோசெப் அந்த மனிதரைத் தோற்கடிப்பதற்காகச் சாயம் கரைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மன்னிப்புக் கேட்க வழியில்லை. கேட்டால் அந்த மனிதரின் இரகசியம் உடைந்துபோகும். நன்றி சொல்லவும் வழியில்லை. ‘ஆண்டவரே, நேற்றுக் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுறன்’ என்று மட்டும் மனதுக்குள் சொன்னார்.

வெளியே வந்தபோது வீதி அசையாமல் கிடந்தது. எல்லோரும் இரவு கொண்டாடிவிட்டுத் தூங்கினார்கள். பனி வாரும் வண்டி வீதியைத் துப்புரவாக்கிப் போயிருந்தது. வாரிய பனி முழுவதும் ஓரத்தில் நின்ற கார்களின்மேல் சுவர்போலக் குவிந்திருந்தது. பேரின்பநாதனின் காரில் கண்ணாடியின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வருசப்பிறப்பிலும் அவர் குடும்பத்தோடு முருகன் கோயிலுக்குக் காலைப் பூசைக்குப் போவது யோசெப்புக்குத் தெரியும். இந்தக் குவியலை வெட்டி முடிக்கும்போது பூசை முடிந்திருக்கும்.

அவர் படியின் கீழிருந்த, பனி அள்ளும் சவல் ஒன்றை எடுத்தார்.

கீழ்ப்பனி கல்லாக இறுகியிருந்தது. முதலில் சாரதிப் பக்கக் கதவு, பிறகு சில்லுகள், பிறகு வீதிக்கு ஒரு வழி. பண்டகசாலையில் பெட்டி அடுக்கிய தோள்கள் அந்த வேலைக்குப் பழகியவை. சத்தம் கேட்கக்கூடாதென்று சவலைத் தார்வீதியில் உரசாமல் தூக்கித் தூக்கி வைத்தார். வியர்வை காதோரம் வழிந்தது. கைலேஞ்சியால் துடைத்தபோது கறுப்பு ஒட்டியது. முன்கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டி, கௌரி ஏறும் பக்கத்தில் சறுக்காமல் இருக்கத் தரையைக் கொத்தி மட்டமாக்கினார்.

எதிர்வீட்டுக் குசினியில் விளக்கு எரிந்தது. கேத்திலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யோசெப் சவலைத் தோளில் வைத்துக்கொண்டு, முன்படியால் ஏறாமல், பின் ஒழுங்கையால் சுற்றி வீட்டுக்குப் போனார்.