முதல் மீனின் முள்

வருடத்தின் முதல் சால்மன் மீனைச் சுட்டு ஊரே பகிர்ந்து தின்ற பிறகு, முள் ஒன்றுகூட உடையாமல் ஆற்றில் விட வேண்டும். இல்லையென்றால் ஆறு கோபித்துக்கொள்ளும், மறுவருடம் மீன் வராது. அமெரிக்காவுக்கு வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே, அந்த மண்ணின் பழங்குடியான வெர்னாவின் சனத்துக்கு இதுதான் வழக்கம்.

இப்போது அந்த விருந்துக்கு வெள்ளைக்காரர்களும் வருகிறார்கள். பந்திக் கடைசியில் தடியோடு உட்கார்ந்திருந்த கிழவரைத் தங்கை ஆல்வினா காட்டினாள்.

"அக்கா, உன் வலையை அறுத்தானே ஹோலிஸ், அவன்தான். இவனை யாரு கூப்பிட்டது?"

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் இளவயதில், ஒப்பந்தத்தில் அவள் சனத்துக்கு எழுதிக்கொடுத்த மீன்பிடி உரிமையை அரசாங்கமே மறுத்த காலம் அது. அக்காளும் தங்கையும் வேண்டுமென்றே பட்டப்பகலில் வலை போட்டார்கள். மீன்துறை அதிகாரி ஹோலிஸ் அவளைக் கரையிலிருந்து தரதரவென்று இழுத்துப்போனான். முதல் மீனையும் பறித்துக்கொண்டான். என்ன வயசு, என்ன வேகம்! சிறைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"மீனை நீயே தின்னு, தொண்டையில சிக்கட்டும்! முள்ளை மட்டும் திருப்பிக் குடுத்துரு!"

பக்கத்து அறையில் ஆல்வினா பாடத் தொடங்க, சிறையே பாடியது. அப்படியொரு பாட்டை வெர்னா அப்புறம் கேட்டதே இல்லை.

இப்போது நிமிர்ந்தால் எதிரே ஹோலிஸ். கையில் தட்டு. அதில் துளி சதையில்லாமல், ஒன்றுகூட உடையாமல் இன்றைய மீனின் முட்கள்.

"அன்னிக்குக் கேட்டீங்களே. கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

"எங்கிட்ட எதுக்கு நீட்டுறீங்க? ஆத்துகிட்டப் போய்ச் சொல்லுங்க!"

கிழவர் தட்டோடு ஆற்றுக்கு இறங்கினார். கரை வழுக்கியது. விழுந்து தொலைக்கப்போகிறாரே என்று வெர்னா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவளை இழுத்துப்போன அதே கை.