பத்தில் நின்ற சாறு

ஹில்க்கா நாலாவது ஜன்னலையும் திறந்தாள். பிப்ரவரிக் குளிர் முகத்தில் அறைந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. கட்டிலிலிருந்து அவள் கணவர் ரெய்னோ கத்திக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. மூச்ச அடக்கிக்கிட்டுப் போங்க."

தப்பு அவளுடையதுதான். விடிந்ததிலிருந்து அவர் வேலையில் இருக்கும் நினைப்பில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எவ்வளவுக்கு வந்திருக்கு?" மரக்கூழ் ஆலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். கூழ் போக மிஞ்சும் கருஞ்சாற்றிலிருந்து லிக்னின் என்கிற மரப்பொருளைத் தூளாகப் பிரிப்பது அவர் வேலை. சாற்றின் பி.எச். பதிமூன்றில் இருக்கும், அதை இறக்க வேண்டும் என்கிற அளவில் அவளுக்குத் தெரியும். நிறைய இறக்கிச் சொன்னால் நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்து "ஏழு" என்றுவிட்டாள்.

எல்லா ஜன்னலும் திறந்த பிறகுதான் கத்தல் நின்றது. அவள் கூடத்துக்கு வந்து ஆர்வோவுக்குப் போன் போட்டாள். ஆலையில் பாய்லர் பார்த்தவர்.

"ஏழுன்னா சொன்ன? ஊரையே கொன்னுட்டியே ஹில்க்கா. அவ்வளவு கீழ போனா அழுகின முட்டை நாத்தத்தோட ஒரு வாயு கிளம்பும். ரெண்டு மூச்சுல ஆள் காலி."

"எனக்கென்ன தெரியும்? என்ன சொல்லணும்னு சொல்லு."

"பத்து. கரியமில வாயுவ மெதுவா விட்டு, பத்துல நிறுத்தணும். அப்பத்தான் தூள் பிரியும்."

அவள் போய்ச் சொன்னாள். "பத்து."

"யார் பாத்தது?"

"நான்தான்."

"நீ யாரு?"

நாற்பத்துநாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. அவள் போர்வையை இழுத்துவிட்டாள். அவர் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அடுத்த ஷிப்டுக்கு மாத்து ஆள் எங்க? ஆள் வராம நான் எப்படிப் போறது?"

இன்றைக்குத் தாண்டாது என்று நேற்றே நர்ஸ் சொல்லியிருந்தாள். இப்படிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, போகவும் முடியாமல் இவர் இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் ஹில்க்காவுக்கு வேண்டியிருந்தது. திரும்பவும் போனை எடுத்தாள்.

"நீ வா ஆர்வோ. மாத்து ஆளா வா."

"நானா? என் பாய்லரோட சாப்பாட்டத் திருடுறான்னு கேன்டீன்ல வச்சு அவனத் திட்டினவன் நான். உள்ள விடுவானா?"

அது பழைய சண்டை. கருஞ்சாற்றை எரித்துத்தான் ஆர்வோவின் பாய்லர் ஓடியது. அதிலிருக்கிற லிக்னினை எடுத்துப் பிளைவுட்டுக்குப் பசையாக்கலாம், பேட்டரிக்குக் கரியாக்கலாம் என்பார் ரெய்னோ. தண்ணீரில்கூடக் கரையாத பழுப்புத் தூள், எரிவதைத் தவிர அதற்கு என்ன தெரியும் என்பார் ஆர்வோ. மரம் நிமிர்ந்து நிற்பதே அதனால்தான் என்பார் இவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பேச்சில்லை.

"நீ வா," என்று சொல்லி ஹில்க்கா போனை வைத்தாள்.

ஜன்னலை மூடப் போனபோது எதிர் வீட்டு முற்றத்தில் சைமி கொடிக்கம்பத்தருகே நின்று கயிற்றைக் கட்டுவது தெரிந்தது. கொடி அரைக்கம்பத்தில் இருந்தது, பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் ஏற்றுவது போல. உயிர் போன வீட்டில்தானே ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். இந்தக் குளிரில் நாலும் திறந்திருந்தால் அவள் வேறென்ன நினைப்பாள்? சைமி இவளைப் பார்த்துத் தலை குனிந்தாள். ஹில்க்காவும் குனிந்தாள். பிறகுதான் பயந்துபோய்க் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வெளியே ஓடி, இன்னும் சாகவில்லை என்று சொல்வதா? ஒவ்வொரு ஜன்னலாக மூடினாள்.

ஆர்வோ வந்தபோது மணி இரண்டு. வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "கொடியப் பாத்தேன். பிந்திட்டேன் ஹில்க்கா."

"எவ்வளவுக்கு வந்திருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஆர்வோ ஹில்க்காவைப் பார்த்தார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"பத்து. நெலையா நிக்குது."

"பாய்லர்காரனுக்கு இங்க என்ன வேலை?"

"மாத்து ஆள் நான்தான். ரெண்டுலேருந்து பத்து வரைக்கும்."

"என் தூள அடுப்புல போட்டுருவ."

ஆர்வோ நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பழைய கிண்டல் ஏதாவது வந்துவிடுமோ என்று ஹில்க்கா கதவோரம் நின்றாள்.

"போட மாட்டேன். பிளைவுட்காரன் லாரியோட நிக்கிறான். பசைக்கு அம்பது மூட்டை வேணுமாம்."

"கழுவாமக் குடுத்துராத."

"கழுவிட்டே குடுக்குறேன். நீ வீட்டுக்குப் போ ரெய்னோ."

கை சட்டத்தை விட்டது. மூன்றேகாலுக்கு மூச்சு நின்றது. அவர் நம்பினாரா, அலுத்துப்போய் விட்டாரா, வீட்டுக்கு என்றதும் யாரிடம் போவதாக நினைத்துக்கொண்டார், எதுவும் ஹில்க்காவுக்குப் பிடிபடவில்லை.

நர்ஸ் வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். "கொடிகூட ஏத்திட்டாங்களே. நல்ல அக்கம்பக்கம்," என்றாள். ஐந்தரைக்கு ஆட்கள் வந்து ரெய்னோவை எடுத்துப்போனார்கள். கட்டிலில் விரிப்பு மட்டும் கிடந்தது.

ஆர்வோ நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீ கிளம்பலையா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து வரைக்கும்னு சொல்லிருக்கேன்."

ஹில்க்கா அடுக்களைக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைத்தாள். தட்டில் மீனோடு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலைப் பார்த்தபடியே சாப்பிட்டார்.