நூற்றில் ஆறு

…ஆறு, நூற்றில் ஆறு, பலன் உண்டு என்று சொல்ல எல்லோரும் வைத்திருக்கும் கோடான ஐந்துக்குக் கீழே வந்திருந்தால் இந்நேரம் புரொபசர் ஹஸ்னுல் இதே கேன்டீனில் எல்லோருக்கும் கோழி வாங்கித் தந்திருப்பார், ஒன்று கூடிப்போனதில் மருந்து செத்துவிட்டதாம்… அரிப்பு மாத்திரை ஆய்வுக்குக் கணக்குப் போட்ட ரொஸ்னானி நாசி கெராபுவின் நீலச் சோற்றைத் தொடாமலே பார்த்துக்கொண்டிருந்தாள், வெளியே கோத்தா பாருவின் மழை. "பலனில்லைன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடு நானி. மழை பேஞ்சுதா இல்லியான்னா ரெண்டுல ஒண்ணுதான சொல்லுவ?" என்று புரொபசர் தட்டோடு எழுந்து போய்விட்டார். அந்த எண்ணா அப்படிச் சொல்கிறது? மாத்திரையில் சரக்கே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மாத்திரை தின்றவர்களுக்கும் வெறும் மாவு தின்றவர்களுக்கும் வெறும் தற்செயலில் இவ்வளவு வித்தியாசமோ இதைவிடப் பெரிதோ நூற்றுக்கு ஆறு முறை தென்படும்… அவ்வளவுதான், அதற்குமேல் அது வாயைத் திறக்காது. ஆனால் பலனில்லை என்று எழுதிவிட்டால் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிடும், அஸ்ஹானுக்கும்தான்.

அஸ்ஹான் அவள் தம்பி, டயாலிசிஸில் இருப்பவன், இரவெல்லாம் முதுகைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து அதோடு வரும் அரிப்பைத் தணித்தவன், ஆய்வில் நிஜ மாத்திரை கிடைத்த பிறகு கைப்புண்கள் ஆறி, தூங்குகிறான். காலையில் போனில், "ஆறுதான் தற்செயல்னா மிச்சம் தொண்ணூத்திநாலு எனக்குத்தான கக்? பரீட்சைல அவ்ளோ மார்க் நான் வாங்கினதே இல்ல!" என்று அக்காவிடம் சிரித்தான். அப்படி இல்லடா என்றாள். பின்ன எப்படி? அவனே தொடர்ந்தான்: "தூக்கம் வருது கக், அது போதாதா?" போதாதே, வெறும் மாவு மாத்திரை தின்றவர்களிலும் சிலர் தூங்கியிருக்கிறார்களே…

சோற்றை ஒதுக்கிவிட்டுப் போனில் தட்டினாள்: பலன் உண்டு என்றோ இல்லை என்றோ இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது, இன்னும் அதிகம் பேரிடம் பார்க்க வேண்டும். திரும்பப் படித்தாள். உண்மைதான், ஒரு சொல்கூடப் பொய்யில்லை, யார் கேட்டாலும் நின்று பதில் சொல்வாள்… அனுப்பப் போன விரல் ஏன் நிற்கிறது? அஸ்ஹான் இந்த ஆய்வில் இல்லாதிருந்தால் இந்த வரியைத் தேடியிருப்பாளா? போன வருஷம் வேறொரு மருந்துக்கு நூற்றில் நான்கு வந்ததே, பலன் உண்டு என்று ஒரே மூச்சில் எழுதினாளே, அந்த எண் மட்டும் அன்று என்ன கூடுதலாகச் சொல்லிவிட்டது? யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை… அன்று புரொபசர் வாங்கித் தந்த கோழி ருசியாகத்தான் இருந்தது.