கடல் வராத படைக்கதை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நல்லூர் முருகன் வாசலில் கற்பூரம் கொளுத்திக் கையால் அணைக்கச் சொன்னாலும் அணைக்கலாம். எங்காவது கொஞ்சம் கூடிப்போனதுபோலத் தெரிந்தால், அது சொல்பவரின் பிழையல்ல. அந்தக் காலத்துக் காங்கேசன்துறையே அப்படிக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

அங்கே ஸ்டேசனுக்குக் கிட்டத் தில்லைநாதன் கதைப்புத்தகங்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அக்கரையிலிருந்து கப்பலில் வரும் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைத் தாள்களை மட்டும் வெட்டி, வரிசையாக அடுக்கி, மட்டை போட்டுத் தைத்த புத்தகங்கள். வாசலில் ஆள் செருப்பைக் கழற்றும் விதத்தைப் பார்த்தே அந்த ஆளுக்கு ஏற்ற கதையை எடுத்துவிடுவார் என்று தில்லைநாதனுக்குப் பேர். கிளாக்கர் ஒருவருக்கு அவர் கொடுத்த போர்க்கதை எவ்வளவு பொருந்தியதென்றால், சீமெந்துத் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் எதிரி வந்துவிட்டான் என்று மனிதர் தான் வேலைசெய்யும் கந்தோரின் கதவுக்கு மேசையால் முட்டுக்கொடுத்துவிட்டு மத்தியானம்வரை உள்ளே இருந்தார். கண்ணால் கண்ட சாட்சிகள் உண்டு. இப்போது எங்கே என்றுதான் தெரியவில்லை.

தில்லைநாதன் மனதுக்குள் ஒளித்து வைத்திருந்தது ஒன்றுதான். அவர் அந்தப் புத்தகங்களில் ஒன்றையும் வாசித்ததில்லை. திருப்பிக் கொண்டுவருபவரிடம் "எப்பிடி, கடைசியிலை ஆள் தப்பினதோ?" என்று வாயைக் கிளறி, கேட்டதை அடுத்த ஆளுக்குச் சொல்வார். மிச்சத்துக்குப் படங்களைப் பார்ப்பார். "நீங்கள் வாசிக்காத புத்தகமும் இருக்கோ, தில்லையண்ணை" என்று யாராவது சொன்னால் அவருடைய காது சுடும். உடனே துணியை எடுத்துப் புத்தகங்களுக்குத் தூசி தட்டத் தொடங்குவார்.

மயிலிட்டியிலிருந்து ஏரம்பு முதல் முறை வந்தபோது, கடையில் நின்ற இரண்டு பேரும் போகும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வள்ளம் வைத்திருக்கும் பெரிய மனிதர். கரையில் நின்று கூப்பிட்டால் நடுக்கடலில் கேட்கும் குரல். அன்றைக்கு அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மனிசிக்கு ஒரு புத்தகம் வேணும். படைக்கதை."

"ஆருக்கு?"

"மெதுவாக் கதையுங்கோ. படை வேணும், மந்திரம் வேணும். காதல் வந்தால் அந்த ஒற்றையை வாசியாமல் புரட்டிப்போடுவா. தலை உருண்டால் பறவாயில்லை. வெளியிலை சொல்லிப்போடாதையுங்கோ, ஊரிலை என்னைப் பாத்துச் சிரிப்பாங்கள்."

தில்லைநாதன் பேய்ப்படை வரும் கதை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அடுத்தது, அறுபட்ட பிறகும் உத்தரவு போடும் சேனாதிபதியின் தலை. அதற்கடுத்தது, மந்திரித்த எள்ளை விதைத்துக் குதிரைப்படை முளைக்க வைத்த கதை. ஏரம்புவின் மனைவி குணலட்சுமி ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொல்லி அனுப்புவாள். "தலை வலு கெட்டிக்காரனாம். ஆனால் போன சண்டையிலை செத்த குதிரை இந்தச் சண்டையிலையும் சாகுதாம்." தில்லைநாதன் எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டுவார். அவளுடைய தீர்ப்புகளை வைத்தே வேறு நாலு பேருக்குப் புத்தகம் பொருத்தியுமிருந்தார்.

பிறகுதான் அண்ணன் தம்பி இரண்டு வீரர்களின் பெரிய தொடர்கதை வந்தது. அண்ணன் தளபதி, தம்பியை எதிரியின் மந்திரவாதி எங்கோ மறைத்து வைத்துவிடுகிறான். அதை நாளைக்கு எடுப்பதாகச் சொல்லிப் படியில் இறங்கிய ஏரம்பு திரும்பி நின்றார்.

"தில்லையண்ணை, உந்தக் கதையிலை கடல் வருதோ? மனிசியின்ரை தம்பி, தம்பிஐயா எண்டு பேர், போன மார்கழி கடல்தொழிலுக்குப் போனவன். வள்ளத்தின்ரை பலகை வந்தது, ஆள் வரேல்லை. அவ ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் கேக்கிறன்."

"கடலோ? முழுக்க மலைநாட்டுச் சண்டை" என்றார் தில்லைநாதன்.

ஏரம்பு போனபிறகு படங்களைப் புரட்டினார். கதையின் பாதிக்கு மேல் ஒரு படம். அலைக்கு நடுவே இளைஞன் ஒருவன், மார்புவரை தண்ணீர், ஒரு கை மேலே. தாழ்கிறான் என்றே தில்லைநாதன் நினைத்தார். மட்டை வெட்டும் கத்தியை எடுத்து அந்த அத்தியாயத்தை அடியோடு அறுத்துக் கழிவுத்தாள் கட்டில் போட்டார். கழிவுத்தாளைக் கடற்கரையில் கச்சான் கடலை விற்கும் மக்டலீன் மாதத்துக்கு ஒருமுறை கூம்புச் சரை சுற்றக் கொண்டுபோவாள். ஒரு பெண்ணின் கண்ணீரைத் தடுத்தோம் என்று அன்று அவருக்கு நல்ல நித்திரை வந்தது.

புத்தகத்தை எடுத்துப்போய் ஒரு மாதம் கழித்து ஏரம்பு வந்தார். "இடையிலை ஒரு கிழமையைக் காணேல்லையாம்."

"அந்தக் கிழமை கப்பல் வரேல்லை."

"அதுக்கென்ன, நீங்கள் வாசிச்சனீங்கள்தானே. வாயாலை சொல்லுங்கோ, நான் போய்ச் சொல்லுறன்."

கடையில் ஆட்கள் நின்றார்கள். தில்லைநாதன் நின்ற இடத்திலேயே ஒரு கதையைக் கட்டினார். தளபதியின் படைக்குப் பசியெடுத்தது. ஒரு முனிவர் குளத்தையே கூழாக்கினார். யானைகள் முதலில் குடித்துவிட்டன. அதனால் காலாட்படை கோபித்துக்கொண்டது. கடையில் நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஏரம்பு மட்டும் சிரிக்கவில்லை. ஒன்றையும் விட்டுவிடக்கூடாது என்று விரல் மடித்து, "குளம்... கூழ்... யானை..." என்று சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.

அடுத்தநாள் காலை வந்து நின்றார். "நான் பிழையாக் கேட்டிட்டன்போலை. அடுத்த கிழமைக் கதையிலை தளபதி கண்ணைத் துடைக்கிறானாம். கூழுக்கு ஆரும் அழுவினமோ எண்டு கேக்கிறா. வடிவாக் கேட்டுவரத் தெரியாத மனிசன் எண்டு எனக்குப் பேச்சு."

பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு நின்ற அந்த முகத்தைத் தில்லைநாதனால் பார்க்க முடியவில்லை. "நாளைக்குச் சொல்லுறன்" என்று கடையைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மக்டலீனிடம் ஒரு சரை கச்சான் வாங்கினார். கடைசிக் கச்சானுக்காகத் தாளை விரித்தபோது, அலைக்கு நடுவே அந்த இளைஞன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

தில்லைநாதன் முதல்முறையாகத் தன் கடைத் தாள் ஒன்றை வாசித்தார். அவன் தாழவில்லை. மந்திரவாதி கடலுக்கடியில் அடைத்து வைத்திருந்தவன் மேலே வந்துகொண்டிருந்தான். கரையில் அண்ணனைக் கண்டு கையைத் தூக்கியிருந்தான். சொட்டச் சொட்ட வந்து, 'அண்ணா, என்னைத் தேடிக் களைத்துவிட்டீர்களா?' என்று கேட்டான். அதோடு தாள் முடிந்தது.

முழுக் கடற்கரைக்கும் முன்னால் தில்லைநாதன் ஒவ்வொருவரிடமும் போனார். "கச்சானைக் கையிலை கொட்டிப்போட்டுச் சரையைத் தாருங்கோ." ஒரு பாதிரியாரும் தந்தார். பாறையில் இருந்த ஒரு காகத்திடமிருந்தும் ஒரு துண்டு கிடைத்தது. கொஞ்சம் பேரம் பேச வேண்டியிருந்தது.

"ஏன் தில்லையண்ணை," என்றாள் மக்டலீன், "கடையிலை வாசிக்கத் தாள் இல்லையோ?"

அவருக்குக் காது சுட்டது. தட்டிவிடக் கையில் தூசித்துணியும் இல்லை. மிச்சக் கச்சானை ஓலைக் கடகத்தில் கொட்டி, மடித்து வைத்திருந்த தாள்களையும் மக்டலீனே எடுத்துக் கொடுத்தாள். ஒரு மூலைதான் குறைந்தது.

மறுநாள் மயிலிட்டிக்குப் போனபோது ஏரம்பு முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். குணலட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். கருவாட்டைக் கிளறிய கையைச் சீலையில் துடைத்துவிட்டுத் தாள்களை வாங்கினாள். வழி முழுவதும் சேர்த்துவைத்த உண்மை தில்லைநாதனின் வாய்க்குள்ளேயே நின்றது.

"கப்பல் வந்திட்டுது" என்றார்.

குணலட்சுமி எண்ணெய்த் திட்டுகளை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "கப்பல்லை கச்சான் வறுத்தவங்களோ?"

ஏரம்பு குனிந்து வலையைப் பார்த்தார். அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து, அறுபட்ட இடத்தில் தாள்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். ஓரங்கள் இம்மியும் பிசகாமல் பொருந்தின.

"வலு நேரா வெட்டியிருக்கிறியள்" என்றாள். குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் தில்லைநாதனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு அவள் படியில் அமர்ந்து, ஏரம்புவுக்குக் கேட்கும்படி, முதல் வரியிலிருந்து உரத்து வாசித்தாள். குறைந்த மூலையில் இல்லாத சொற்களைத் தானே போட்டு வாசித்தாள். ஏரம்புவின் வலைப்பின்னல் நின்றது. 'அண்ணா' என்று இருந்த இடத்தில் 'அக்கா' என்று வாசித்தாள். வாசித்து முடித்தும் தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒரு கச்சான் தோல் ஒட்டியிருந்தது, அதையும் தட்டிவிடவில்லை.

அவள் முன்பே வாசித்துவிட்ட அடுத்த அத்தியாயத்தின் முதல் வரி இது: 'தளபதி விழித்துக்கொண்டான், கண்டதெல்லாம் கனவு.'