ஒட்டகக் காந்தமும் இரண்டாயிரமாவது நாளும்

1

இந்தக் கதை ஒரு ஒட்டகத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. நோர்வேயின் வடக்கே, ஒரு மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் பொதி செய்தேன். அங்கே மீன் தலைவெட்டும் மெசினில் ஒரு குட்டி ஒட்டகம் ஒட்டியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவோமே, அந்த மாதிரிக் காந்தம். தினமும் பார்த்தேன், சிரித்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு அடங்கியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “அந்த மெசின் பசியோடு காத்திருந்தது. அதன் பற்கள்…”

வேண்டாம். மெசினுக்கு ஏது பசி? கரண்ட் வந்தால் சுற்றும். அவ்வளவுதான் அதன் குணம்.

2

ஆகவே குன்வோரிலிருந்து தொடங்குகிறேன். அப்போது ஐம்பத்தெட்டு வயது, மீன் தரம் பிரிக்கிற வேலை. தொழிலாளர்களின் பாதுகாப்புப் பிரதிநிதியும் அவள்தான். அந்தப் பதவிக்குக் கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. கொட்டாவியை மறைக்க அவள் கையை உயர்த்தினாள். தெரிவாகிவிட்டாள்.

தலைவெட்டும் மெசின் ஐலிஃபுடையது. “முப்பத்தொரு வருசம், பத்து விரல். எண்ணிப் பார்!” என்று கோப்பி நேரத்தில் கைகளை விரித்துக் காட்டுவான்.*

அந்த மெசினின் மூடியைத் திறந்தால் வெட்டும் தட்டு நிற்கவேண்டும். மூடியில் ஒரு காந்தம், சட்டத்தில் அதை உணர்கிற கண். ஆனால் கண்ணின் மேல் வேறொரு காந்தத்தை ஒட்டிவிட்டால் மெசின் ஏமாந்துவிடும், மூடி திறந்திருந்தாலும் சுற்றும். மீன் தலை மெசினில் சிக்கி இறுகும்போதெல்லாம் நிறுத்திக் காத்திருக்க ஐலிஃபுக்குப் பொறுமை இல்லை. குன்வோர் ஸ்பெயினின் கிரான் கனாரியாத் தீவுக்கு வெயில் காயப் போனபோது அவனுக்கென்று ஒரு ஒட்டகக் காந்தம் வாங்கி வந்தாள். அது எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று உங்களுக்குத் தெரியும்.

(*இவர்கள் நோர்வே மொழியில்தான் பேசினார்கள். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழுகிறது. திருத்த மாட்டேன்.)

3

சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பலகை: விபத்தில்லா நாட்கள். அந்த வியாழக்கிழமை அதில் 1999 என்றிருந்தது. மறுநாள் இரண்டாயிரம் ஆகுமென்று, மேலாளர் ஸ்டைனார் மார்சிப்பன் என்ற பாதாம் மாவு போர்த்திய கேக்குக்குச் சொல்லியிருந்தார்.

காலை பத்துக்கு முன், குன்வோர் தலைவெட்டும் இடத்தைக் கடந்து போனாள். ஐலிஃப் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கட்டைவிரலில் நீலப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தான். பிளாஸ்டர் சிவந்துகொண்டே வந்தது.

“எட, கையில என்ன?”

“ஒண்டுமில்லை. தலை ஒண்டு இறுகிச்சுது, கையை விட்டன். கையுறை போச்சுது.”

“காட்டு.”

“நாளைக்குக் காட்டுறன். கேக் திண்ட பிறகு.”

“ஐலிஃப்!”

“நகம் திரும்ப முளைக்கும். ரெண்டாயிரம் முளைக்காது. வாயை மூடிக்கொண்டிரு, என்ரை தங்கம்.”

அவள் போய் மீன் தலைகள் விழும் பெட்டியைக் கிளறினாள். அந்தத் தலைகளைக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள். கையுறையிலிருந்து அறுந்த நீல ரப்பர் கட்டைவிரல் ஒன்று அகப்பட்டது. உள்ளே நகம், கொஞ்சம் சதையோடு. இன்னும் ஒரு மணித்தியாலம் போயிருந்தால் அதுவும் தலைகளோடு காயப் போயிருக்கும், பிறகு கப்பலேறியிருக்கும்.

[இந்த இடத்தில் குன்வோரின் மனப்போராட்டத்தை ஒன்றரைப் பக்கம் எழுதி அழித்தேன். அவள் போராடவில்லை. அருகிலிருந்த குப்பை வாளியை ஒருதடவை பார்த்தாள். பிறகு அந்த ரப்பரைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.]

4

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வரைவில் ஐலிஃபின் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டேன். நகம் போன கதைக்கு யார் அழுவார்கள்? ஒரு விவரம் கேட்கக் குன்வோருக்கு போன் எடுத்தபோது இதையும் உளறிவிட்டேன்.

“கை போனால்தான் வாசிப்பினமோ? நகம் காணாதோ அவைக்கு?”

“கதைக்கு ஒரு கனம்…”

“அந்த நகம் என்ரை பையுக்குள்ள கிடந்தது. கனத்தைப் பற்றி எனக்குச் சொல்லாதை!”

கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

5

கோப்பி நேரம். முப்பத்துநான்கு பேரும் இருந்தோம். குன்வோர் பலகைக்கு முன்னால் போய், சட்டைக் கையால் 1999ஐத் துடைத்தாள். பெரிதாக ஒரு சுழியம் எழுதினாள்.

“உனக்கென்ன விசரே?” ஐலிஃப் எழும்பிவிட்டான். “எல்லாற்றை கேக்கடி அது!”

“அந்த ஒட்டகம் நான் தந்தது,” என்றாள் குன்வோர். “நீ அதை எங்கை ஒட்டினனீ எண்டு மூண்டு வருசமாப் பாத்தனான். பாத்துப் பாத்துச் சிரிச்சனான். பாதுகாப்புப் பிரதிநிதியாம் நான்!”

ரப்பர் விரலைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒருவரும் கோப்பியைத் தொடவில்லை.

பொதி மேசைச் சோல்வி தொண்டையைச் செருமினாள். “மார்கழியில கத்தி பட்டது. நாலு தையல். வீட்டில வெங்காயம் வெட்டினனான் எண்டு டொக்டரிட்டைப் பொய் சொன்னனான்.”

பாரந்தூக்கி ஓட்டும் ஓர்யன் கை உயர்த்தினான். “சுவரில உள்ள ஓட்டை… அது எலி இல்லை. நான்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக. நானும் ஒன்று சொன்னேன், அது இங்கே வேண்டாம். வாசலில் நின்ற ஸ்டைனாரை அப்போதுதான் கண்டோம். முகம் சிவந்திருந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன்.

“தை மாசம் ஒரு கிழமை கூட்டமெல்லாம் நிண்டுகொண்டே நடத்தினனானே,” என்றார். “ஐஸ் அறைப் படியில குண்டி அடிபட விழுந்தனான். இருக்க ஏலாது.”

மேசை குலுங்கச் சிரித்தோம். எண்ணிப் பார்த்தால், எல்லாமாகப் பதினொரு விபத்து. ஐலிஃப் மட்டும் சிரிக்கவில்லை. டொக்டரிடம் போகச் சட்டை மாற்றினான்.

மறுநாள் கேக் வந்தது, 2000 என்று எழுதியபடியே. குன்வோர் கத்தியை எடுத்து 2ஐச் சுரண்டித் தின்றாள். மிச்சத்தை நாங்கள் தின்றோம்.

6

மூடிவிடலாம். ஐலிஃப் பத்து நாள் அவளோடு பேசவில்லை என்றும், பதினோராம் நாள் ஒட்டகத்தைக் கழற்றி அவள் கையில் வைத்து, “உன்ரை வீட்டில ஒட்டு” என்றான் என்றும் எழுதி முடிக்கலாம். அது நடந்ததுதான். ஒட்டகம் போனபின், மூடியைத் திறந்தால் தட்டு சுற்றி ஓய நாற்பது விநாடி. அதுவரை கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், கலியாண வீட்டுப் புகைப்படத்துக்கு நிற்பவன்போல நின்றான். அதுவும் உண்மை.

ஆனால் அது முதல் வருடம். நான் வேலையை விட்டுத் தெற்கே வந்துவிட்டேன். குன்வோர் அடுத்த கோடையில் ஓய்வு பெறுகிறாள். ஆகவே அவசரம் பயத்தை மறக்கவைக்கிற மூன்றாவது குளிர்காலத்தை நான் எழுதப்போவதில்லை. துறையில் பன்னிரண்டு படகுகள் காத்திருக்கின்றன. பின்னால் யாரோ “கெதியா, கெதியா” என்று அவசரப்படுத்துகிறார்கள். ஒரு தலை இறுகிவிட்டது. உங்கள் சட்டைப் பையில் காந்தம் ஒன்று கிடக்கிறது.

ஆம், உங்கள் பையில்தான். ஐலிஃபை நான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இனி மெசினுக்கு முன்னால் நிற்பது நீங்கள்.