கட்டில் எண்ணைப் பிடித்துக் கட்டிய படிவம்

அந்த வார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. "ஏழாம் கட்டில் சாப்பிட்டாச்சா?", "பன்னிரண்டுக்குக் காய்ச்சல்" என்றுதான் பேச்சு. நோயாளிகளின் விவரம் பதியக் கணினிப் படிவம் அமைத்துக் கொடுத்தவளும் ஊரோடு ஒத்துப்போனாள். மேலே நோயாளி, கீழே அவருக்கு ஒவ்வாத மருந்துகள் என இரண்டு அட்டவணைகள். இரண்டையும் கட்டில் எண்ணை வைத்தே இணைத்தாள். நோயாளிக்கென்று தனி எண் இருந்தது. அதைத் தட்டிக்கொண்டிருக்க நர்சுகளுக்கு நேரம் ஏது என்று விட்டுவிட்டாள். ஆள் நகர்ந்தால் கட்டிலும் கூடவே நகருமா என்று சின்னக் குழந்தையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். ஆனால் ஆறு வாரமாக எல்லாரும் மெச்சியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

காலை பதினொரு மணிக்குத் தலைமை நர்ஸ் ஃபோன் செய்தாள்.

"ஏம்மா, உன் படிவம் பிரமாதம். ஏழாம் கட்டில் பெரியவருக்கு ஏசி காத்து ஆகல. காலையிலயே பன்னிரண்டுல இருந்த பொண்ணோட இடம் மாத்திட்டோம். கட்டில் எண்ணை மட்டும் திருத்தினேன், சட்டுனு முடிஞ்சிடுச்சு."

"சரிங்க" என்று ஃபோனை வைத்த பிறகுதான் பொறி தட்டியது. மேலே ஆள் மாறியாயிற்று, கீழே பட்டியல்? திரையைத் திறந்தாள். பெரியவரின் பெயருக்குக் கீழே 'ஒவ்வாத மருந்து: எதுவும் இல்லை'. அவருக்கு ஆகாத பென்சிலின், ஏழாம் கட்டிலிலேயே தங்கி அந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருந்தது. அந்த 'எதுவும் இல்லை'யை நம்பி டாக்டர் எழுதிய ஊசி: பன்னிரண்டாம் கட்டில், பென்சிலின், பதினொன்று பத்து. அப்போது மணி பதினொன்று எட்டு.

வார்டு ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. லிஃப்டும் வரவில்லை. மூன்று மாடிகளை விழுந்தடித்துக்கொண்டு ஏறினாள். அந்த மனிதர் செத்தால் கொன்றது தான்தான் என்று ஒவ்வொரு படியிலும் உறைத்தது.

இளைய நர்ஸ் ஒருத்தி பெரியவரின் கையில் பஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், போடாதீங்க!"

"ஏன்? படிவத்துல எதுவும் இல்லைன்னுதானே இருக்கு?"

"படிவம் தப்பு. நான்தான் தப்பா இணைச்சிட்டேன். அவருக்குப் பென்சிலின் ஆகாது."

ஊசி தட்டுக்குத் திரும்பியது. படிவக்காரி மூச்சு வாங்கியபடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க."

பெரியவர் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டார்.

"அந்த மருந்து எனக்கு ஆகாதுன்னு இந்த நர்ஸ் பொண்ணுகிட்ட ரெண்டு தடவை சொன்னேன்மா. 'கம்ப்யூட்டர்ல அப்படி இல்லையே தாத்தா'ன்னு சொல்லிச்சு. கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப்போகுதுன்னு நானும் கையை நீட்டிட்டேன்."