மணல் மூட்டை நடக்காது

நடுப்பாலத்தில் நின்று அத்தான் கையசைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்றைக்கு மாட்டினார்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஆற்றின் மேல் நிற்கும் இந்தப் புது நடைபாலத்துக்குத் தலைமைப் பொறியாளரும் அவரே. அவள் அவருக்குக் கீழே வடிவமைப்புப் பிரிவில் இருந்தவள். பாலத்தைச் சோதிக்க அத்தான் தளம் முழுக்க மணல் மூட்டை அடுக்கினார். பாலம் அசைந்து கொடுக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவள்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"மணல் மூட்டை நடக்காது அத்தான். மனுஷங்க நடப்பாங்க. ஒவ்வொரு அடிக்கும் பக்கவாட்டுல ஒரு சின்னத் தள்ளு விழும். ஆட்டத்தை அடக்குற டேம்பர் வெச்சே ஆகணும்."

"அப்ப மூட்டைக்கெல்லாம் நீயே கால் தைச்சுக் குடு" என்றார் அத்தான். கூட்ட அறையே விழுந்து விழுந்து சிரித்தது.

அதோடு விட்டிருந்தால் மன்னித்திருப்பாள். மறுநாளே அவள் நாற்காலியில் வேறொருவர். அவளுக்கு ஆற்றங்கரை ஒலிபெருக்கிக் கூண்டில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலை. அலுவலகத்தில் 'ஆட்டக்காரி' என்று பேர் வைத்தார்கள். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் அந்தப் பேர் வந்து சேர்ந்தது. கூடப் பிறந்த அக்காவும் சிரித்தாள். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. அந்த மணல் மூட்டை வாக்கியத்தை அவர் வாயாலேயே, ஊரறியச் சொல்ல வைக்க வேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

போன வாரம்கூட ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "உன் வேலை மைக் பிடிக்கிறது" என்றார். சரி என்று பிடித்தாள்.

இன்று திறப்பு விழாவுக்குக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு பாலத்தில் ஏறியது. முதலில் லேசான அசைவுதான். அசைந்தால் மனிதன் விழாமலிருக்கக் காலை அகட்டுகிறான். அகட்டிய கால்கள் தம்மையறியாமல் பாலத்தின் ஆட்டத்துக்கே அடிபோடுகின்றன. அத்தனை பேரும் ஒரே பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, தாங்களே பாலத்தை ஆட்டிக்கொண்டு அலறினார்கள். அத்தான் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டார்.

கூண்டுக்குள் அக்கா ஓடிவந்தாள். "பாலம் ஆடுதுடி! விழுந்துருமா?"

"விழாது. உன் வீட்டுக்காரர் பலமாத்தான் கட்டியிருக்காரு. தலை சுத்தும், வாந்தி வரும், அவ்வளவுதான்."

"ஏதாவது சொல்லித் தொலையேன்!"

சொல்லவில்லை. விரல் மைக் பொத்தான்மேல் இருந்தது. அழுத்த மனம் வரவில்லை. அவ்வளவு இனித்தது. ஒரு குழந்தை வீறிட்டபோதுதான் அழுத்தினாள். "எல்லாரும் நின்ன இடத்துலயே நில்லுங்க! காலை எடுக்காதீங்க!"

நின்றார்கள். ஆட்டம் மெல்ல அடங்கியது. அந்த மட்டில் அவளும் அடங்கியிருப்பாள். ஆனால் அத்தான் கையிலிருந்த மைக்கைத் தூக்கினார்.

"பயப்படாதீங்க! இதெல்லாம் நாங்க எதிர்பார்த்ததுதான். பாலம்னா அப்படித்தான் இருக்கும்!"

அவளுக்கு ரத்தம் கொதித்தது. "தலைமைப் பொறியாளரே சொல்லிட்டாரு. அப்ப எல்லாரும் தாராளமா நடங்க."

முன்வரிசை காலைத் தூக்கியது.

"ஐயோ, நடக்காதீங்க!" அத்தான் கத்தினார்.

"ஏன் நடக்கக் கூடாது? காரணத்தைச் சொல்லுங்க அத்தான்."

இரு கரையிலும் 'அத்தான்' எதிரொலித்தது. யாரோ சிரித்தார்கள். அவள் காத்திருந்தாள். பாலமே அவரைப் பார்த்தது.

"டேம்பர் வைக்கல..." என்றார் அத்தான். "மூட்டை வெச்சுத்தான் பார்த்தோம். மணல் மூட்டை நடக்காது. அவ அப்பவே சொன்னா."

அக்கா இந்த முறை சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு வரிசையா மெதுவா இறங்குங்க" என்று அறிவித்தாள். "அத்தான், நீங்க கடைசியா வாங்க."

கூட்டம் இறங்கிக் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஒற்றை ஆள் நடந்தால் அந்தப் பாலம் இம்மியும் அசையாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அத்தான் கம்பியை விடாமல்தான் வந்தார்.